கட்டை தட்டுகிறதா, ஒலி சீராக இல்லையா? டிஜிட்டல் பியானோவை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

செட்டிநாட்டுப் பக்கம் பல வீடுகளில் டிஜிட்டல் பியானோ என்பது சிங்கப்பூரிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ வந்து சேர்ந்த பொருள். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் வாசிப்பார்கள். அவர்கள் கிளம்பியதும் அதன்மேல் ஒரு போர்வையைப் போட்டு, பட்டாசாலை என்ற கூடத்தின் ஓரமாக நிறுத்திவிட்டு, வீட்டைப் பூட்டிவிடுவார்கள். அடுத்து ஒரு கல்யாணத்துக்கோ படைப்புக்கோ பிள்ளையார் நோன்புக்கோ கதவைத் திறந்து ஆன் செய்து பார்த்தால் ஒரு கட்டை, அதாவது விரலால் அழுத்தும் கீ, டக்கென்று தட்டும். ஒன்று தொட்டாலே கத்தும். ஒன்று எவ்வளவு அழுத்தினாலும் முனகும். வீட்டில் யாராவது ஒருவர் ஸ்குரூ டிரைவரோடு வந்து நிற்பார்.

அவரை முதலில் உட்காரச் சொல்லுங்கள். கட்டையின் உடம்பிலிருந்து வரும் சத்தம் ஒரு கோளாறு. ஸ்பீக்கரில் ஒலி ஏற்றத்தாழ்வாக வருவது வேறு கோளாறு. முதலாவது ஃபெல்ட் (அடியைத் தாங்கும் கம்பளிப் பட்டை), கிரீஸ், ஸ்டாண்டு சம்பந்தப்பட்டது. இரண்டாவது ரப்பர், சென்சார், செட்டிங் சம்பந்தப்பட்டது. ஒன்றுக்குச் செய்ய வேண்டிய வைத்தியத்தை மற்றதற்குச் செய்தால் இருப்பதும் கெடும். எது எங்கிருந்து வருகிறது என்று பிரித்துவிட்டால் வேலை முக்கால்வாசி முடிந்தது.

பிரிப்பதற்கு மூன்று சோதனைகள் போதும். பவரை அணைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். அப்போதும் கேட்கும் சத்தம் முழுக்க இயந்திரச் சத்தம். மின்சாரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அடுத்து பவரை ஆன் செய்து, ஹெட்போன் மாட்டி வாசியுங்கள். ஸ்பீக்கரில் இருந்த அதிர்வு ஹெட்போனில் இல்லையென்றால் குற்றம் ஸ்பீக்கரிலோ அறையிலோ இருக்கிறது, கட்டையில் இல்லை. மூன்றாவதாக, பியானோவை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, நாலாக மடித்த ஜமக்காளத்தின்மேல் தரையில் வைத்து வாசியுங்கள். சத்தம் பாதியாகிவிட்டால் ஸ்டாண்டைத்தான் பார்க்க வேண்டும்.

"எல்லாக் கட்டையும் டொக் டொக்கென்று தட்டுது"

எல்லாக் கட்டையும் ஒரே மாதிரி தட்டுகிறது என்றால் பெரும்பாலும் அது கோளாறே இல்லை. டிஜிட்டல் பியானோவில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு எடையுள்ள ஹேமர் உண்டு. கட்டை இறங்கும்போது ஹேமர் ஏறிப்போய் மேல் ஃபெல்ட்டில் மோதும். விட்டதும் விழுந்து கீழ் ஃபெல்ட்டில் மோதும். மரப் பியானோவிலும் இந்த மோதல் உண்டு, ஆனால் அங்கே தந்தியின் ஒலி அதை மூடிவிடுகிறது. இங்கே வால்யூமைக் குறைத்து வைத்துக்கொண்டு வாசித்தால் மோதல் மட்டும்தான் காதில் விழும். பவரை அணைத்து வாசித்து, "எவ்வளவு சத்தம் பார்" என்று சொல்பவரிடம், வால்யூமைப் பாதிக்கு ஏற்றி வாசித்துக் காட்டினால் பேச்சு அடங்கிவிடும்.

செட்டிநாட்டு வீட்டின் அமைப்பும் இதற்குத் துணைபோகிறது. வழவழவென்று சுண்ணாம்புப் பூச்சு பூசிய சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, உயரமான கூரை. ஒலியை உறிஞ்ச அங்கே ஒரு பொருளும் இல்லை. சென்னை ஃபிளாட்டில் மெத்தைக்குப் பக்கத்தில் அடக்கமாக இருந்த பியானோ, பட்டாசாலைக்கு வந்ததும் தட்டச்சு இயந்திரமாகிவிடும். கீழே ஒரு கனமான ஜமக்காளம், பின்னால் ஒரு திரை போதும். பாதிப் பிரச்சினை அதிலேயே போய்விடும்.

ஆத்தங்குடிக் கல் கையால் வார்ப்பது. பழைய தளத்தில் ஒரு கல்லுக்கும் அடுத்ததற்கும் நூலிழை உயர வித்தியாசம் இருக்கும். ஸ்டாண்டின் நாலு காலில் ஒன்று தரையைத் தொடாமல் நின்றால், ஒவ்வொரு பலமான ஸ்வரத்துக்கும் அந்தக் கால் தரையில் தட்டும். பியானோவின் இரண்டு மூலைகளையும் மாறி மாறி அழுத்திப் பாருங்கள், ஆடுவது தெரிந்துவிடும். ஸ்டாண்டு திருகுகளை இறுக்கிவிட்டு, தொங்கும் காலுக்கடியில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை வையுங்கள். எக்ஸ் வடிவ மடக்கு ஸ்டாண்டில் 88 கட்டைப் பியானோவை வைப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. 61 கட்டைக் கீபோர்டுக்குச் சரி. ஹேமர் உள்ளதற்கு நேரான மேசை மாதிரி ஸ்டாண்டுதான்.

"ஒரே ஒரு கட்டை மட்டும் தட்டுது"

இது உண்மையான கோளாறு. அந்தக் கட்டையையும் பக்கத்தில் அதே நிறக் கட்டையையும் பவர் இல்லாமல் மாறி மாறி அழுத்துங்கள். சத்தம் கட்டை அடியைத் தொடும்போது வருகிறதா, மேலே திரும்பும்போது வருகிறதா என்று கவனியுங்கள். அடியில் வந்தால் கீழ்ப்பட்டை ஃபெல்ட் அமுங்கியிருக்கிறது அல்லது ஒட்டுவிட்டு நகர்ந்திருக்கிறது. திரும்பும்போது வந்தால் ஹேமர் விழும் இடத்து ஃபெல்ட்டைச் சந்தேகப்படுங்கள். இரண்டு சமயமும் வந்தால், கட்டைக்கும் ஹேமருக்கும் இடையே இருக்கும் கிரீஸ் காய்ந்துபோய், இரண்டும் ஒட்டி நகராமல் இடைவெளி விட்டுத் தட்டிக்கொள்கின்றன.

பூட்டிய வீட்டில் இரண்டு கோடைகள் கிடந்த பியானோவில் ஒட்டு இளகுவதும் கிரீஸ் ஓரத்துக்கு வழிந்துவிடுவதும் சகஜம். சிவகங்கைச் சீமை வெயில் தெரிந்ததுதானே. அதோடு எலிக்கும் ஃபெல்ட் என்றால் இஷ்டம். கூடு கட்டப் பிய்த்துக்கொண்டு போகும். திறந்து பார்த்தால் சிவப்பு நூலாகக் கிடக்கும்.

ஃபெல்ட் மாற்றுவதில் ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்: கனம். ஸ்டேஷனரிக் கடையில் கைவினைக்கு விற்கும் ஃபெல்ட் பஞ்சு மாதிரி இருக்கும், சில மாதத்தில் அமுங்கிவிடும். அதற்காக "தடிமனாகவே வைத்துவிடுவோம்" என்று இரண்டு மடங்கு வைக்கவும் கூடாது. கட்டை முன்பக்கம் இறங்கும் ஆழம் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். சென்சார் அந்த ஆழத்தை நம்பித்தான் வைக்கப்பட்டிருக்கிறது. கீழ் ஃபெல்ட் தடித்தால் கட்டை கடைசிச் சென்சாரைத் தொடாமலேயே நின்றுவிடும். தட்டும் சத்தம் போய் ஊமைக்கட்டை வரும். அமுங்காத ஓரத்துப் பழைய ஃபெல்ட்டின் கனத்தை அளந்து, அதே கனத்தில் அடர்த்தியான கம்பளி ஃபெல்ட் தேடுங்கள். ஆர்மோனியம் பழுது பார்ப்பவர்களிடம் துண்டு கிடைக்கும்.

கிரீஸ் என்றால் பிளாஸ்டிக்கைக் கெடுக்காத சிலிகான் கிரீஸ் மட்டும். தீக்குச்சி முனையில் எடுக்கும் அளவு ஒரு கட்டைக்குத் தாராளம்.

"கீச் கீச்சென்று சத்தம்"

கட்டையின் பின்முனையில் கீல் இருக்கும் இடத்தில் பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உராய்வதால் வருவது. சரிசெய்வது சுலபம், கெடுப்பது அதைவிடச் சுலபம். கதவுக் கீல் கீச்சிட்டால் தேங்காய் எண்ணெய் விடும் கை, இங்கேயும் அதையே செய்யப் பார்க்கும். விடாதீர்கள். தேங்காய் எண்ணெய் நாளாக ஆகப் பிசினாகி, தூசியைக் கூட்டிக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய், மண்ணெண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எல்லாமே உள்ளே வழிந்து ரப்பர்த் தொடர்புப் பட்டையை அடைந்தால் ரப்பர் உப்பிப்போகும். அப்புறம் கீச்சுச் சத்தம் பெரிதாகவே தெரியாது, ஏனென்றால் எட்டுப் பத்துக் கட்டைகள் ஒலிக்கவே மாட்டா. மேலே சொன்ன சிலிகான் கிரீஸ்தான் இதற்கும், அதுவும் கழற்றி, துடைத்து, கீல் இடத்தில் மட்டும்.

"சில ஸ்வரத்துக்கு மட்டும் ஜிர்ர்ரென்று அதிருது"

ஹெட்போனில் இது வருகிறதா என்று முதலில் பாருங்கள். வரவில்லையென்றால் பியானோவை விட்டுவிட்டு அறையைச் சுற்றிப் பாருங்கள். சுவர் நெடுக வரிசையாக முன்னோர் படங்கள், பெல்ஜியம் கண்ணாடி, லஸ்தர் விளக்கு, அலமாரியில் அடுக்கிய பாத்திரங்கள். ஒவ்வொன்றும் தனக்கென ஒரு அதிர்வெண் வைத்திருக்கிறது. பியானோவில் அந்த ஸ்வரம் வரும்போது கூடவே பாடும். ஒருவர் அந்த ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்க, இன்னொருவர் ஒவ்வொரு படச்சட்டத்தின்மேலும் கை வைத்துக்கொண்டு போகட்டும். எங்கே சத்தம் நிற்கிறதோ அங்கே சட்டத்துக்குப் பின்னால் சின்ன துணிமடிப்பைச் செருகுங்கள். ஐயா படத்தின் கண்ணாடியை இறுக்கிய பிறகு பியானோ சரியாகிவிட்டது என்பது கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் நடக்கிற விஷயம்தான்.

படங்கள் காரணமில்லையென்றால், நோட்டு வைக்கும் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றிவிட்டு வாசியுங்கள். அதுவும் இல்லையென்றால் ஸ்பீக்கர் வலைக்குள் ஏதாவது விழுந்திருக்கலாம், அல்லது ஸ்பீக்கர் திருகு தளர்ந்திருக்கலாம்.

எந்தக் கட்டையும் அழுத்தாமலே உம்மென்று இரைந்தால் அது வேறு விஷயம்: அடாப்டரோ இன்வெர்ட்டரோ காரணம். கரண்ட் இருக்கும்போது இல்லாத இரைச்சல், இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் வருகிறது என்றால் காத்திருந்து வாசியுங்கள், பியானோவைத் திறக்க வேண்டாம். சிங்கப்பூர், மலேசிய அடாப்டர் இங்குள்ள மின்னழுத்தத்துக்குச் சரியாகவே இருக்கும், முள் மட்டும்தான் மாறும். அமெரிக்காவிலிருந்து வந்தது என்றால் அடாப்டரில் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

"இறங்கின கட்டை ஏறலை"

கல்யாண வீட்டுப் பியானோ என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அட்சதையை. மஞ்சள் அரிசி, உதிர்ந்த மல்லிகை, ஸ்டிக்கர் பொட்டு, ஹேர்பின், பத்துப் பைசா காலத்துச் சில்லறை எல்லாம் கட்டை இடுக்கில் போயிருக்கும். ஊக்கு, கத்தி விட்டு நோண்டினால் இன்னும் உள்ளே போகும். அடாப்டரைப் பிடுங்கிவிட்டு, இரண்டு பேர் பிடித்துப் பியானோவைப் போர்வைக்கு மேலே கட்டைகள் கீழே பார்க்கும்படி கவிழ்த்து, அடிப்பக்கம் உள்ளங்கையால் லேசாகத் தட்டுங்கள். கட்டைகளைக் கையால் மேலும் கீழும் அசைத்துக்கொண்டே தட்டினால் பாதிப் பொருள்கள் தாமாகவே விழுந்துவிடும். மேசைப் பியானோ வகைகள் 11, 12 கிலோ இருக்கும், தனி ஆளாகத் தூக்கிக் கவிழ்ப்பது இடுப்புக்கும் கேடு, கட்டைக்கும் கேடு.

விழுந்த பொருள் எதுவும் இல்லை, கட்டை மெதுவாக ஏறுகிறது என்றால் பாயசமோ காபியோ சிந்தியதா என்று பிள்ளைகளிடம் அதட்டாமல் கேளுங்கள். அதட்டினால் உண்மை வராது. சர்க்கரை காய்ந்து ஒட்டிய கட்டையை ஈரத்துணியால் மேலே துடைத்துப் பயனில்லை, பக்கச் சுவர்களைத் துடைக்க வேண்டும், அதற்குக் கட்டையைக் கழற்ற வேண்டும். சிந்திய அந்த நிமிடமே தெரிந்தால் அடாப்டரைப் பிடுங்கி, கவிழ்த்து, ஒரு நாள் முழுக்க நிழலில் காயவிடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம், சூடு பட்டால் கட்டை வளையும்.

கட்டை கொழகொழவென்று எடையே இல்லாமல் இறங்குகிறது, எதிர்ப்பே இல்லை என்றால் ஹேமர் தன் இடத்திலிருந்து கழன்றிருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது. கழன்றது என்றால் திரும்ப மாட்டலாம். உடைந்ததைப் பசை போட்டு ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு அடிக்கும் அந்த ஒட்டுத்தான் இடி வாங்குகிறது. மாடல் எண்ணைச் சொல்லி உதிரிபாகம் வரவழையுங்கள்.

"ஒரு கட்டை கத்துது, பக்கத்துக் கட்டை முனகுது"

இங்கேதான் நிதானம் தேவை.

கோளாறு அல்லாதவற்றை முதலில் ஒதுக்கிவிடுவோம். இடப்பக்கக் கட்டைகள் கனமாகவும் வலப்பக்கம் இலேசாகவும் இருப்பது வேண்டுமென்றே செய்தது. மரப் பியானோவில் கீழ் ஸ்வர ஹேமர் பெரிதாக இருப்பதைப் பின்பற்றியது. ஒரே கட்டையை முனையில் அழுத்துவதைவிட உள்ளே தள்ளி அழுத்தினால் கனமாக இருப்பது நெம்புகோல் கணக்கு. அழுத்தும் வழியில் பாதிக்குமேல் ஒரு மெல்லிய முட்டு தட்டுப்பட்டால், அதுவும் சில மாடல்களில் வைத்தே கொடுப்பது. இந்த மூன்றையும் பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிப் போனவர்கள் உண்டு.

அடுத்தது டச் செட்டிங், அதாவது விரலின் அடிக்கு ஏற்ப ஒலி எவ்வளவு மாற வேண்டும் என்ற அமைப்பு. பிள்ளைகள் பட்டன்களைக் குடைந்ததில் அது ஃபிக்ஸ்டு நிலைக்குப் போயிருந்தால், எப்படி அடித்தாலும் எல்லாக் கட்டையும் ஒரே அளவில் ஒலிக்கும். ஹார்டு நிலைக்குப் போயிருந்தால் எல்லாமே முனகும். யமஹா பி-45, பி-125 போன்றவற்றில் வலக்கோடிக் கட்டையை அழுத்திக்கொண்டே பவரை ஆன் செய்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். மற்ற மாடல்களுக்குக் கையேட்டைப் பாருங்கள். ஒரு கட்டை மட்டும் கத்துகிறது என்றால் அதற்கும் டச் செட்டிங்குக்கும் சம்பந்தமில்லை. அதை மாற்றிக்கொண்டே இருந்து பொழுதை வீணாக்காதீர்கள்.

இனி உண்மையான காரணம். பியானோ உங்கள் விரலின் பலத்தை அளப்பதே இல்லை, நேரத்தை அளக்கிறது. ஒவ்வொரு கட்டையின் பாதையிலும் இரண்டு தொடர்புகள், அதாவது கட்டை இறங்கும்போது ஒன்றன்பின் ஒன்றாக மூடும் சுவிட்சுகள். சென்சார் என்று சொன்னது இவற்றைத்தான். முதலாவது மூடிய நேரத்துக்கும் இரண்டாவது மூடிய நேரத்துக்கும் உள்ள இடைவெளி சில மில்லி விநாடி என்றால் பலமான அடி. பல மடங்கு நீண்டால் மென்மையான அடி. காரைக்குடியில் பஸ் கிளம்பிய நேரத்தையும் திருமயம் வந்த நேரத்தையும் எழுதிவைத்து ஓட்டுநரின் வேகத்தைக் கணக்கிடுவதுபோல. காரைக்குடி நேரக்காப்பாளர் தூங்கிப்போய்த் தாமதமாக எழுதினால், பஸ் பறந்து வந்ததாகக் கணக்கு காட்டும். திருமயத்துக்காரர் தாமதமாக எழுதினால், ஊர்ந்து வந்ததாகக் காட்டும்.

கத்தும் கட்டையும் முனகும் கட்டையும் இதுதான். முதல் தொடர்பில் அழுக்கு இருந்தால் அது தாமதமாக மூடும், இடைவெளி சுருங்கும், தொட்டாலே கத்தும். இரண்டாவதில் அழுக்கு இருந்தால் இடைவெளி நீளும். எவ்வளவு அடித்தாலும் முனகும், அல்லது ஒலிக்கவே ஒலிக்காது. ரோலண்டின் பிஹெச்ஏ-4 ஸ்டாண்டர்டு, காசியோவின் பிஎக்ஸ்-160, கவாயின் ஆர்ஹெச்சி-2 போன்றவற்றில் மூன்றாவது சென்சாரும் உண்டு. கட்டை முழுக்க மேலே வராமலே அதே ஸ்வரத்தை மறுபடி அடிப்பதற்கு அது. அதில் பழுது என்றால் மெதுவாக வாசிக்கும்போது ஒன்றும் தெரியாது. ஒரே ஸ்வரத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப அடிக்கும்போது நடுநடுவே விட்டுப்போகும்.

காதை நம்பாமல் எண்ணில் பாருங்கள். பியானோவின் யூஎஸ்பி துளையிலிருந்து கணினிக்கோ போனுக்கோ கேபிள் போட்டு, மிடி (மின்னணு இசைக்கருவிகள் தகவல் பரிமாறும் முறை) மானிட்டர் செயலி ஒன்றைத் திறந்தால், ஒவ்வொரு அடிக்கும் 1 முதல் 127 வரை ஒரு எண் காட்டும். அதற்கு வெலாசிட்டி என்று பெயர். நடு சி கட்டைக்கு 60 என்ற ஸ்வர எண் இருக்கும். அதிலிருந்து எண்ணிக் கோளாறுள்ள கட்டையைக் குறித்துக்கொள்ளலாம்.

விரலால் அழுத்தினால் மோதிர விரல் ஒரு மாதிரி, கட்டை விரல் ஒரு மாதிரி. அதனால் 10 ரூபாய்க் காசுகள் ஒரு டஜனை டேப் போட்டு உருளையாகச் சுற்றுங்கள். ஒன்று எட்டுக் கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, மொத்தம் 92, 93 கிராம் வரும். கட்டையின் முன்முனையில் ஒரு அழிரப்பரை நீளவாட்டில் வைத்து, அதன்மேல் உருளையைக் கையில் தாங்கிப் பிடித்துச் சட்டென்று விடுங்கள். ரப்பர் எதற்கென்றால், காசு கட்டையைவிட அகலம், நேராக வைத்தால் பக்கத்துக் கட்டையில் உட்காரும். வெள்ளைக் கட்டைகளை வரிசையாக இப்படிச் சோதித்து எண்ணை எழுதுங்கள். கருப்புக் கட்டைகளைத் தனியாக ஒரு வரிசையில் எழுதுங்கள். இரண்டையும் ஒப்பிடக் கூடாது.

பக்கத்துக் கட்டைகள் 50-ஐ ஒட்டி நிற்க, ஒன்று மட்டும் 110 காட்டினால் முதல் தொடர்பு. ஒன்று மட்டும் 15 காட்டினால், கட்டை இறங்கும் வேகத்தைக் கண்ணால் பாருங்கள். அது மந்தமாக இறங்கினால் உராய்வு, அதாவது இயந்திரக் கோளாறு. மற்றவை மாதிரியே டக்கென்று இறங்கியும் எண் குறைவாக வந்தால் இரண்டாவது தொடர்பு. இந்த ஒரு சோதனைக்காகவே காசைச் சுற்றி வைத்திருக்கலாம்.

கோளாறுள்ள கட்டைகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதையும் பாருங்கள். தனித்தனியாக அங்கொன்று இங்கொன்று என்றால் தூசி. அடுத்தடுத்து ஒரு டஜன் கட்டைகள் என்றால் அந்தப் பகுதி ரப்பர்ப் பட்டை சரியாக உட்காரவில்லை. சரியாக ஒவ்வொரு எட்டாவது கட்டையும் போயிருந்தால் தூசி அல்ல. 88 கட்டைகளையும் தனித்தனிக் கம்பியால் இணைக்காமல் வரிசை-பத்தியாகப் பிரித்து இணைத்திருக்கிறார்கள். அதில் ஒரு வரி அறுந்தால் இப்படிச் சம இடைவெளியில் போகும். ரிப்பன் கேபிளைக் கழற்றி மறுபடி அழுத்திச் செருகிப் பாருங்கள், அதற்கும் அடங்காவிட்டால் கடைக்குத்தான்.

"உள்ளே துரு பிடிச்சிருக்கும்" என்று உறுதியாகச் சொல்பவர்கள் இங்கே அதிகம். உலோக அரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-இல் காரைக்குடியில்தான் திறக்கப்பட்டது, அந்தக் காற்று பட்டதோ என்னவோ. இந்தத் தொடர்புகள் உலோகம் அல்ல, கரி. ரப்பர்க் குமிழுக்குள் ஒரு கரிப்பொட்டு, எதிரே போர்டில் ஒரு கரிப்பூச்சு. துரு பிடிக்காது, ஆனால் செம்மண் தூசி, பூச்சி எச்சம், வழிந்து வந்த கிரீஸ் மேலே படியும். உப்புத்தாளோ பிளேடோ போட்டால் அழுக்கோடு கரியும் போய்விடும், அப்புறம் பட்டையையோ போர்டையோ மாற்ற வேண்டியதுதான்.

திறப்பது என்று முடிவெடுத்தால், உத்தரவாதம் இருக்கிறதா பாருங்கள். வெளிநாட்டில் வாங்கியதற்குப் பெரும்பாலும் வாங்கிய நாட்டில்தான் அது செல்லும், ஆக இங்கே அதைப்பற்றிக் கவலைப்படாமல் திறப்பவர்கள் அதிகம். அடாப்டரைப் பிடுங்கி, போர்வைமேல் கவிழ்த்து, அடித் திருகுகளைக் கழற்றுங்கள். திருகுகள் ஒரே நீளமாக இரா. நீளமானதைக் குட்டை இடத்தில் முடுக்கினால் மேலே கட்டைப் பக்கம் குத்திக்கொண்டு வரும். சமையலறையில் பழைய அஞ்சறைப் பெட்டி இருந்தால் எடுத்துக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு வகைத் திருகுக்கும் ஒரு கிண்ணம். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுங்கள். சில மாடல்களில் சென்சார் போர்டை அடியிலிருந்தே கழற்றிவிடலாம், சிலவற்றில் கட்டைகளைக் கழற்றித்தான் போக முடியும். வெள்ளைக் கட்டை வராமல் அடம்பிடித்தால் இழுக்காதீர்கள், பக்கத்துக் கருப்புக் கட்டை முதலில் வர வேண்டியிருக்கும்.

ரப்பர்ப் பட்டையை எடுத்ததும் முதலில் உலர்ந்த, நூல் உதிராத துணியால் கரிப்பொட்டுகளையும் போர்டையும் ஒற்றி எடுங்கள். பிசுபிசுப்பு இருந்தால் மட்டும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துப் பிழிந்து, லேசாக ஒருமுறை. மொபைல் சர்வீஸ் கடைகளில் அது இருக்கும். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் சிலவற்றில் வேறு பொருள்களும் கலந்திருக்கும், அதைத் தவிர்ப்பது நல்லது. காய்ந்த பிறகு பட்டையைத் திரும்ப வைக்கும்போது, அதன் அடியில் உள்ள சின்னக் காம்புகள் எல்லாம் போர்டு ஓட்டைகளுக்குள் முழுக்க இறங்க வேண்டும். ஒன்று வெளியே நின்றாலும் அந்த இடத்தில் பட்டை தூக்கி நிற்கும். குமிழ்களுக்கிடையே காற்றுப் போக மெல்லிய பள்ளம் உண்டு. அது அடைபட்டால் கட்டை உப்பின பலூனை அழுத்துகிற மாதிரித் தள்ளும்.

சுத்தம் செய்தும் அதே கட்டை கத்தினால், நடுவில் ஒரே அளவுள்ள இரண்டு பட்டைகளை இடம் மாற்றிப் போடுங்கள். கோளாறு பட்டையோடு கூடவே போனால் பட்டை தேய்ந்துவிட்டது, அதை மட்டும் வாங்கினால் போதும். கோளாறு இருந்த இடத்திலேயே இருந்தால் போர்டு.

மூடுவதற்குமுன் இரண்டே திருகு போட்டு, 88 கட்டைகளையும் காசு உருளையால் மறுபடி சோதியுங்கள்.

"விட்ட பிறகும் ஒலிச்சிட்டே இருக்கு"

சஸ்டெயின் பெடலை, அதாவது ஒலியை நீட்டிக்கும் கால்மிதியை, கழற்றிவிட்டுப் பாருங்கள். நின்றுவிட்டால் பெடல்தான். பெடலை மிதித்துக்கொண்டே பவரை ஆன் செய்தால் பல மாடல்கள் அதைத் தலைகீழாகப் புரிந்துகொள்ளும்: மிதித்தால் நிற்கும், விட்டால் நீளும். அணைத்து, காலை எடுத்துவிட்டு ஆன் செய்தால் தீர்ந்தது. பெடல் இல்லாமலும் ஒரே ஒரு ஸ்வரம் நிற்காமல் ஒலித்தால் அந்தக் கட்டையின் தொடர்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது, மேலே சொன்ன சுத்தம்தான்.

பூட்டிவிட்டுப் போகும்போது

வளவு முற்றத்தை ஒட்டி வைக்காதீர்கள். வெயில், சாரல், மிளகாய் காயப்போட்ட தூசி எல்லாம் அங்கேதான். உள்கட்டு அறையில், சுவரைவிட்டுச் சற்றுத் தள்ளி, பருத்தித் துணி போட்டு மூடுங்கள்; பிளாஸ்டிக் தாளால் இறுகக் கட்டினால் ஐப்பசி, கார்த்திகை மழையில் உள்ளே ஈரம் வியர்க்கும். பாச்சை உருண்டையைக் கட்டைகளின்மேல் தூவுவதை விட்டுவிடுங்கள்; அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும். அதற்குப் பதில் சிலிக்கா ஜெல் பொட்டலம். அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடமோ அக்காவிடமோ, பெருக்க வரும் நாளில் துணியை நீக்கி இடமிருந்து வலம் எல்லாக் கட்டையையும் ஒருமுறை அழுத்திவிடச் சொல்லுங்கள், பவர் தேவையில்லை. ரப்பரும் கிரீஸும் அசைந்துகொண்டே இருந்தால் ஒட்டாது. விரலால் ஒரே இழுப்பாக இழுத்துவிடாமல், ஒவ்வொன்றாக அழுத்தச் சொல்லுங்கள்.

கடைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தால்

காரைக்குடியிலிருந்து மதுரையோ திருச்சியோ, எந்தப் பக்கம் போனாலும் 90 கிலோமீட்டருக்குப் பக்கம் வரும். இரண்டு தடவை அலையாமல் இருக்க, மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் படம் எடுத்து முதலில் அனுப்பி, உதிரிபாகம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கட்டை, என்ன அறிகுறி, ஹெட்போனிலும் வருகிறதா, வெலாசிட்டி எண் என்ன என்று ஒரு தாளில் எழுதி, கத்தும் கட்டையை வாசித்து ஒரு நிமிட வீடியோவும் எடுத்து வையுங்கள். மேசையில் வைத்ததும் கோளாறு ஒளிந்துகொள்ளும் பியானோக்கள் உண்டு. காரில் பின்சீட்டில் கட்டைகள் மேலே பார்க்கப் படுக்கவைத்து, மேலே எதையும் அடுக்காமல் கொண்டுபோங்கள். அடாப்டரையும் பெடலையும் மறக்காமல் கூடவே எடுத்துக்கொள்ளுங்கள், பல சமயம் குற்றவாளி அந்த இரண்டில் ஒன்றாக இருக்கும்.